கலைவாணர் நகையும் கொடையும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையைத் தலைக்கண் வைத்து எண்ணினார் தொல்காப்பியனார். அந்நகை தோன்றும் நிலைக்களங்களுள் எள்ளல் ஒன்று. அதனை விளக்கப் புகுந்த உரையாசிரியர், ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பதும் எள்ளலின்பாற்படும், பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தானே சிரித்துக்கொள்வதும் எள்ளலின்பாற்படும் என இரு கூறுபடுத்தினர். முன்னது எவர்க்கும் எளிது. தெருவில் இடறி விழுந்தவனைக் கண்டு நகைக்கச் சிறு குழவிக்கும் யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பின்னதோ அரிது. நூல் கற்றார்க்கும், பொருள் பெற்றார்க்கும், அவையில் முதலிடம் பெற்றார்க்குங்கூட அது எளிதிற் கைவருவதன்று.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைத் தம் வாழ்நாளால் நடந்து காட்டியவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்திருந்தார். அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. நம் இல்லங்களில் உள்ள முதியோர் அவர் நடித்த படங்களைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவர்கள். இளையோர் சிலர்க்கோ அவர் பெயர் சென்னையிலுள்ள ஓர் அரங்கத்தின் பெயர் என்ற அளவிலேயே தெரியும். ஆதலின் இரு சாரார்க்கும் பயன்படுமாறு அவர் வரலாற்றைச் சுருங்க உரைப்போம். சிரிப்பூட்டிய ஒரு நடிகரின் கதைதானே என எண்ணி நேயர்கள் இதனைக் கடந்து செல்லாதிருப்பார்களாக. சிரிப்பிலும் அறம் உண்டு, மறம் உண்டு என்பதே அவர் வரலாறு நமக்குச் சொல்லும் பொருள்.

கிருஷ்ணன் பிறந்தது 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள். பிறந்த ஊர் நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரி. அது பழையாற்றின் கரையில் உள்ளது. அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். இவ்விரு பெயர்களே அந்நாட்டு மண்ணின் மணத்தை உணர்த்தும். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை எடுக்கும் ஊர்களில் வில்லுப்பாட்டு இன்றிக் கொடை நிறைவுறாது. வில்லின் நாணில் வீசுகோல் விழும் ஓசையும், குடத்தின் முழக்கமும், பாடுவோன் பாட்டினூடே கதைபொதிந்து உரையாடும் முறையும் அவர் செவியில் இளமையிலேயே புகுந்தன. பிற்காலத்தே பல்லாயிரவர் கூடிய பேரவையிலும் எதிரிருப்பவரோடு திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் அவர் பேச வல்லவரானது இவ்வில்லடி மேடையிலிருந்து பெற்ற பயிற்சியே என்பது நம் கருத்து.

குடும்பம் வறியது, மக்கள் பலர். கிருஷ்ணனுடைய பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னும் வேலையைச் சிலகாலம் செய்தார். நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். விற்கப் போன சிறுவன் விற்பனையை மறந்து மேடையையே நோக்கி நின்றிருப்பான் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். அந்நாளில் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் கம்பெனிகள் தமிழகமெங்கும் ஊர் ஊராகச் சென்று கொட்டகை இட்டு வந்தன. அவற்றுள் ஒன்று டி. கே. எஸ். சகோதரர் நடத்திய ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை. அதிற் சேர்ந்த கிருஷ்ணன் பாடவும் ஆடவும் பல வேடம் புனையவும் கற்றுக்கொண்டார். படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளைக்கு நாடகக் கம்பெனியே பள்ளியும் கல்லூரியும் ஆயிற்று.

தமிழில் பேசும் படம் தோன்றிய சின்னாட்களில் நாடக மேடையினர் பலர் அதனுட் புகுந்தனர். 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த மேனகா, 1936-ஆம் ஆண்டில் வெளிவந்த சதிலீலாவதி ஆகிய படங்களில் கிருஷ்ணன் தோன்றினார். வசந்தசேனா என்னும் படத்திற்காகப் பூனாவிற்குச் சென்றபோது உடன் நடிக்க வந்த டி. ஏ. மதுரம் அம்மையாரோடு பழக்கம் உண்டாயிற்று. அவர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவர். அப்பழக்கம் மணத்தில் முடிந்தது. அன்றுமுதல் இருபதாண்டுக்காலம் திரையில் இவ்விருவரையும் பிரித்துக் காண மக்கள் விரும்பினாரல்லர். பல காட்சிகளில் கணவர் ஏதேனும் ஒரு பேதைமையிற் சென்று விழுவார். மனைவி நயமாக அறிவு புகட்டுவார். சில காட்சிகளில் இம்முறை மாறிவரும். எங்ஙனமாயினும் காண்போர் தம் இல்லத்தையே கண்ணாடியிற் காண்பதுபோல் மகிழ்ந்தனர்.

அக்காலப் படங்கள் பெரும்பாலும் புராணக் கதையும் அரசர் கதையுமாக இருந்தன. மூன்று மணி நேரத்திற்கு மேலும் ஓடும் அப்படங்களில் மக்கள் சோர்வுறாதிருக்க நகைச்சுவைப் பகுதி இடையிடையே வேண்டப்பட்டது. கிருஷ்ணன் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொண்டு, அப்பகுதியைத் தாமே புனைந்து, தாமே பயிற்றி, முழுமையாக அமைத்துக் கொடுக்கலானார். 1940-ஆம் ஆண்டின் சகுந்தலை, 1942-ஆம் ஆண்டின் கண்ணகி, 1944-ஆம் ஆண்டின் ஹரிதாஸ் முதலிய படங்களிலெல்லாம் அவர் பங்கு உண்டு. கதையை மறந்தவரும் அவர் வந்த காட்சியை மறவார். பாடல் துணைக்கு உடுமலை நாராயண கவி வாய்த்தார். நாட்டுப்புற மெட்டில் அமைந்த அப்பாடல்களை ஏரோட்டுவோனும் பாடினான், எழுத்தாளனும் பாடினான்.

இனி அந்நகைச்சுவையின் தன்மையைச் சற்று ஆராய்வோம். கூத்து மேடையில் கோமாளி என்பவன் நெடுங்காலமாக உள்ளவன். அவன் கைக்கு எளிதில் அகப்படும் பொருள்கள் சில உண்டு. திக்கிப் பேசுவோன், கால் ஊனமுற்றோன், செவி கேளாதோன், பிற சாதியானின் பேச்சு வழக்கு, பிற தொழிலாளனின் உடை நடை ஆகியனவே அவை. இவற்றைக் காட்டிய அளவில் அவை சிரிக்கும். ஆயின் அவ்வவையிலே அவ்வூனமுடையான் ஒருவனும் அத்தொழிலுடையான் ஒருவனும் தலைகுனிந்து அமர்ந்திருப்பர் என்பதைக் கோமாளி எண்ணுவதில்லை. கிருஷ்ணனோ, நகைக்கு இலக்காக வேண்டுவது மனிதன் அன்று, அவனைப் பிணித்துள்ள மடமையே என்னும் கொள்கை உடையராயினார். குடியும், மூடநம்பிக்கையும், பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கமும் அவர் நகைக்கு இலக்காயின.

இதற்குச் சிறந்த சான்று கிந்தனார் காலட்சேபம். நந்தனார் சரித்திரத்தைக் கோபாலகிருஷ்ண பாரதியார் இசைப்பாடலாக இயற்றியதும், அதனைக் கதாகாலட்சேபம் செய்வோர் நாடெங்கும் பாடி வந்ததும் நம்மவர் அறிந்தனவே. தில்லைக்குச் செல்ல ஆண்டையின் உத்தரவு வேண்டி நின்றவன் நந்தன். தீப்புகுந்து தூயனானபின் அன்றோ அவனுக்குக் கோயில் வாயில் திறந்தது. கிருஷ்ணன் அக்காலட்சேப முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, நந்தனுக்கு ஈடாகக் கிந்தன் என்னும் ஏழைச் சிறுவனை நிறுத்தினார். அவன் பிறந்ததும் ஒதுக்கப்பட்ட குலமே. அவன் விழைந்தது கல்வி; அவன் செல்ல விரும்பிய தில்லை பட்டணத்துப் பள்ளிக்கூடம். அவன் தீப்புகவில்லை, தீயினால் ஓடும் புகைவண்டியில் ஏறினான். கற்றுத் தேறிக் கல்வித் துறை அலுவலனாகித் தன் ஊருக்கே திரும்பினான். கேட்டவர் முதலிற் சிரித்தனர். சிரித்து முடித்தபின் தாம் எதனைச் சிரித்தோம் என எண்ணினர். கிந்தனை எள்ளிச் சிரித்தவர் ஒருவரும் இலர். அவனைத் தடுத்த வழக்கத்தை எள்ளியே சிரித்தோம் என்பதும், அவ்வழக்கத்திற்குத் தாமும் பங்காளிகள் என்பதும் அவர்கட்குப் புலனாயின. பிறரை எள்ளத் தொடங்கிய சிரிப்பு தம்மையே எள்ளுவதாக முடிந்தது. ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கு இக்கதை எஞ்ஞான்றும் உவப்பானது. கல்வியின் பெருமையைப் பற்றிப் பல சொற்பொழிவுகள் செய்யமாட்டாததை ஒரு காலட்சேபம் செய்தது.

இவ்வாறு புகழின் உச்சியில் நின்றவர்க்கு 1944-ஆம் ஆண்டின் இறுதியில் இடி விழுந்தது. அதன் வரலாற்றைச் சொல்வதற்கு முன்னர், மற்றொரு வகைச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்னும் தாளை நடத்தினார். நடிகர் நடிகையரின் இல்லற வாழ்வு பற்றிய வதந்திகளே அதன் சரக்கு. அதன் உரிமத்தை நீக்குமாறு தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநரிடம் முறையிட்டனர், உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் இந்துநேசன் என்னும் பெயரால் அதே சரக்கு வெளிவரலாயிற்று. இத்தாள்களை மக்கள் வாங்கிப் படித்தனர், மறைவில் வைத்துச் சிரித்தனர். மாலையில் அதே மக்கள் கொட்டகைக்குச் சென்று அதே நடிகரைக் கண்டு கைதட்டினர். அச்சிட்டவன் ஒருவன், வாங்கியவர் பல்லாயிரவர். இதனை நாம் மறத்தலாகாது.

1944-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவ்வழக்கில் பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்றை இருவர்க்கும் 1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் பயன்படவில்லை. பின்னர் இலண்டனிலிருந்த பிரிவி கௌன்சில் வரை வழக்குச் சென்றது. மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அம்மன்றம் பணிக்க, சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் ஆராய்ந்து, 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருவரும் குற்றவாளிகள் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. அக்கொலையின் மறைபொருள் இன்றளவும் தெளிவாகவில்லை.

நாடு முழுவதையும் சிரிக்கவைத்தவர் சிறையில் இருந்த அந்நாளில், வெளியே குடும்பத்தைத் தாங்கியவர் மதுரம் அம்மையார். வழக்குப் பெரும்பொருளை விழுங்கியது. கணவரை நம்பிப் பிழைத்த கலைஞர் பலர். அம்மையார் சோர்ந்து அமர்ந்தாரல்லர். எஸ். வி. சகஸ்ரநாமம் துணை நிற்க, என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார், மேடை ஏறினார், சிறையில் இருப்பவரை எண்ணி உள்ளம் அழுதுகொண்டிருக்க, எதிரிருப்பவரைச் சிரிக்கவைத்தார். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய பைத்தியக்காரன் என்னும் படமும் அந்நாளிலேயே தொடங்கப்பெற்றது. கிருஷ்ணன் விடுதலையாகி வந்ததும் அவர்க்கென ஒரு வேடம் சேர்த்து 1947-ஆம் ஆண்டிலேயே அப்படம் வெளிவந்தது. கலைவாணரின் வரலாற்றைச் சொல்வோர் பலர் அம்மையாரின் பெயரைத் துணைப்பெயராகச் சொல்லிக் கடந்துபோவர். அது நேர்மையன்று. அவர் மீண்டும் வந்து நிற்க மேடை ஒன்று எஞ்சியிருந்ததற்கு அம்மையாரே காரணர்.

சிறையினின்று வந்த இருவர் வாழ்வும் இரு வேறு வழிகளிற் சென்றன. பாகவதருடைய ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளியைக் கண்டது. அத்துணைப் புகழ் பெற்றவர் மீண்டு வந்தபின் எடுத்த படங்கள் மக்கள் மனத்தைப் பழையபடி கவரவில்லை. 1959-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரது இன்குரலில் குறை ஒன்றும் இல்லை. காலம் மாறியது, தெய்விகக் காதலனாகவும் அடியாராகவும் கண்ட ஒருவரை வழக்கின் நிழலோடு காண மக்கள் கூசினர் போலும். கிருஷ்ணனோ தொடக்கமுதல் தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொண்டவர் அல்லர். தாமே ஏமாறுபவராகவும் தாமே அடிபடுபவராகவும் மக்கள் முன் நின்று பழகியவர். எள்ளப்பட்டவிடத்துத் தானே நகும் அரிய ஆற்றல் அவர்க்குச் சிறையிலும் துணை நின்றது, சிறைக்குப் பின்னும் துணை நின்றது. அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் தலைமையில் கூடிய சென்னை அவையொன்றில் அவர்க்குக் கலைவாணர் என்னும் பட்டம் சூட்டப்பெற்றது. தமிழ் நாடகத்தைப் படித்தோர் மதிக்கும் நிலைக்கு உயர்த்திய முதியவர் கையால், சிறை மீண்டவர்க்கு அப்பட்டம் கிடைத்தது என்பதை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

1949-ஆம் ஆண்டில் அவர் நல்லதம்பி என்னும் படத்தை எடுத்தார். கதை உரையாடல் எழுதியவர் சி. என். அண்ணாதுரை. குடியின் கேட்டை எடுத்துரைப்பது அப்படம். கிந்தனார் காலட்சேபமும் அதில் இடம்பெற்றது. 1951-ஆம் ஆண்டில் மணமகள், 1952-ஆம் ஆண்டில் பணம் ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். மணமகளில் பத்மினியைத் தமிழில் கதைத்தலைவியாக நிறுத்தினார். விசுவநாதன், ராமமூர்த்தி என்னும் இருவரும் இரட்டையராகச் சேர்ந்து இசையமைத்த முதற்படம் பணம். திருநெல்வேலிச் சீமையினின்று வந்த சுப்பு ஆறுமுகம் என்னும் இளங்கவிஞரைத் தம்முடன் வைத்து வில்லுப்பாட்டு எழுதச் செய்தார். 2022-ஆம் ஆண்டில் மறையும் வரையில் அக்கலையை உலகெங்கும் கொண்டுசென்றவர் அவர். தாம் ஏறிய ஏணியைத் தமக்குப் பின் வருவோர்க்கு விட்டுவைத்தல் எல்லார்க்கும் கைவருவதன்று.

கொடை என்பது அவர்க்கு இயல்பாய் அமைந்தது. கேட்டவர்க்கு இல்லை என்னாத கை அவருடையது என்பதை அவரோடு பழகியோர் அனைவரும் ஒருமுகமாகச் சொல்லியுள்ளனர். கட்சி வேற்றுமை அவர் கொடைக்குத் தடையாகவில்லை. பெரியாரிடமும் அண்ணாவிடமும் நெருங்கிப் பழகியவர் காந்தியடிகளிடத்தும் பேரன்பு பூண்டிருந்தார். அடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் சொந்தப் பொருளைக்கொண்டு அவர்க்கு நினைவுத்தூண் எழுப்பினார். ஈட்டிய பெரும்பொருள் இருமுறை அவர் கையைவிட்டுப் போயிற்று. முதன்முறை வழக்கு கொண்டது. அடுத்தமுறை அவரே கொடுத்தார். முன்னதனால் வந்த வறுமை இழப்பு. பின்னதனால் வந்த வறுமை புகழ். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிஞர் அறிவர்.

நகையும் கொடையும் வேறல்ல என்பது நமது துணிபு. தன்னைப் பெரிதாக எண்ணுபவன் தன்னை எள்ளிச் சிரிக்கமாட்டான். தன் பொருளைப் பிறர்க்குத் தந்து மகிழவுமாட்டான். தன்னை மறந்தவனுக்கே இரண்டும் எளிதாகின்றன. கிருஷ்ணன் திரையிற் சிரித்த சிரிப்பும் வீட்டில் கொடுத்த கொடையும் ஒரே ஊற்றின் இரு கால்வாய்கள்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் அவர் பிறந்த நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனைக் கண்டபின் அவர் நெடுநாள் இருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு அகவை நாற்பத்தெட்டு. அவர் நடித்த அம்பிகாபதி அவர் மறைந்தபின் வெளிவந்தது. கொட்டகையில் அவர் திரையில் தோன்றியபோது சிரிப்பும் கண்ணீரும் ஒருங்கே எழுந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சென்னைத் தியாகராய நகரில் அவர்க்குச் சிலை எழுப்பப்பெற்றது. 1969-ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் முதலமைச்சர் அண்ணா நோயுற்ற உடலோடு வந்து அதனைத் திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி அதுவே; மூன்று வாரத்துள் அவரும் மறைந்தார். சென்னை வாலாஜா சாலையிலிருந்த பாலர் அரங்கத்திற்கு 1974-ஆம் ஆண்டில் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் வழங்கலாயிற்று. அது இடிக்கப்பட்டு, அவ்விடத்திலேயே எழுந்த புதுக்கட்டடம் 2016-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகச் சட்டமன்றமே அங்குக் கூடிற்று. தொடக்க வகுப்போடு பள்ளி நீங்கிய ஒருவர் பெயரால் அமைந்த கூடத்தில் நாட்டின் சட்டம் ஆராயப்பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

நேயர்களே, சிலையும் அரங்கமும் அரசு செய்தன. நாம் செய்ய வேண்டுவன இரண்டு உள. நம் சங்கத்து ஆண்டுவிழாக்களில் இளைஞர்கள் நகைச்சுவை நாடகம் நடித்து மகிழ்விக்கின்றனர், அது நன்றே. அந்நாடகத்தில் அயலார் குலத்தின் பேச்சையோ தொழிலையோ உடற்குறையையோ எள்ளும் காட்சி வருமாயின், மூத்தோர் அதனை ஒத்திகையிலேயே நீக்குவாராக. நம்மை நாமே எள்ளும் காட்சி வருமாயின் அதனைக் கைதட்டி வரவேற்பாராக. நம் குலத்து வீண்பெருமையும், திருமணத்தில் நாம் செய்யும் வீண்செலவும், பெண் மக்களின் மேற்படிப்பைத் தடுக்கும் நம் மடமையும் நகைக்கப் போதிய பொருள்களே. பொருளுக்காக அடுத்த தெருவுக்குச் செல்ல வேண்டுவதில்லை.

மற்றொன்று, பிறர் இல்லத்துச் செய்தியைச் சுவைக்கும் பழக்கத்தை விடுதல். அன்று காசு கொடுத்து வாங்கி மறைத்துப் படித்ததை, இன்று கைப்பேசியில் காசின்றிப் பெற்று விரல்நுனியால் ஊருக்கே அனுப்புகின்றோம். அனுப்பியவன் ஒரு நொடி சிரிக்கின்றான். அனுப்பப்பட்டவள் வீட்டில் ஓராண்டு உலை கொதிப்பதில்லை. வதந்தி வந்து சேரும் வீட்டிலேயே அதனை நிறுத்திவிட வேண்டும். வாங்குவார் இல்லாத சரக்கை விற்பார் இரார்.

எவரும் தலைகுனியாது அனைவரும் ஒருங்கு சிரிக்கும் சிரிப்பே நல்ல சிரிப்பு. அத்தகைய சிரிப்பைத் தமிழர்க்கு ஈந்து, ஈட்டியதையும் ஈந்து, வெறுங்கையோடும் நிறைபுகழோடும் சென்றவர் கலைவாணர். அவர் நினைவு நம் இல்லங்களில் சிரிப்பாகவும் ஈகையாகவும் நின்று நிலவுக.